திறந்திருந்த தேவாலயமும் அமரர் மகேந்திரராசாவும்

ஒஸ்லோவின் ரொம்சோஸில் மகேந்திரராசாவோடு லிஃப்டில் ஏறினால் ஏழாம் மாடிக்குப் போய்ச் சேருமுன் சைப்பிரஸுக்குப் போய் வந்துவிடலாம். கதவு மூடுகிற சத்தம் கேட்டதும் அவர் தொடங்குவார்: "எண்பத்தாறாம் ஆண்டு நான் அங்கை ஒரு சேர்ச் நடத்தினனான், தெரியுமோ?" தெரியும் என்று சொன்னாலும் பிரயோசனமில்லை. தெரியாது என்று சொன்னால் லிஃப்ட் நின்ற பிறகும் கதவைக் காலால் பிடித்துக்கொண்டு கதைப்பார்.

பாடசாலை ஒன்றில் இருபத்தேழு வருடம் பராமரிப்பாளராக இருந்து, முழங்கால் ஒத்துழைக்க மறுத்ததால் அறுபத்திரண்டில் ஓய்வெடுத்தவர். சைவர். வெள்ளிக்கிழமை மரக்கறி, கோயில் திருவிழாவில் பத்து நாளும் ஆஜர், நெற்றியில் மூன்று திருநீற்றுக் குறி. அப்பேர்ப்பட்ட மனிதருக்கு இங்கிலாந்துத் திருச்சபையின் ஒரு சின்னத் தேவாலயத்து வரலாறு, அதைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் தெரியாத அளவுக்குத் தெரியும். அவருடைய மனைவி சிவமலர் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர், ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பதில் பயிற்சி உள்ளவர். அவரே சொல்கிறார்: "அங்கையாவது சம்பளம் தாறாங்கள்."

அந்த வரலாறு சுருக்கமாக இதுதான். சைப்பிரஸின் தென்கரையில் ஒரு சிறு துறைமுக ஊர். 1899 இல் அங்கே சுங்க அதிகாரியாக இருந்த ஆங்கிலேயரின் மனைவியால், ஊர்க் கிரேக்கக் கோயிலில் மூன்று மணித்தியாலம் நின்றுகொண்டே வழிபட முடியவில்லை. மனைவி உட்காருவதற்காகக் கணவர் ஒரு தேவாலயம் கட்டினார். ஆகவே, அந்த ஊருக்கு அங்கிலிக்கன் சபை வந்த காரணம் முழங்கால் வலி. மகேந்திரராசாவுக்கு அதில் ஒரு தனிப்பட்ட உரிமை உண்டு. பெயர் புனித ஸ்விதின் தேவாலயம். ஓடு பிரான்சின் மார்செய்யிலிருந்து வந்தது. மணி, உடைக்கப்பட்ட ஒரு நிலக்கரிக் கப்பலிலிருந்து வந்தது. கப்பலின் பெயர் இன்னும் மணியில் கிடக்கிறது, ஒருவரும் சுரண்டவில்லை. சுதந்திரம் வந்ததும் அதிகாரிகள் போய்விட்டார்கள், ஓய்வூதியக்காரர்கள் வந்தார்கள். எழுபத்துநாலில் துருக்கி படையெடுத்த சண்டையில் வீடிழந்த பதினொரு கிரேக்கக் குடும்பங்கள் சபையார் உட்காரும் அந்த வாங்குகளில் படுத்தெழும்பின. நிற்க முடியாமல் கட்டிய கோயில் படுக்கவும் உதவியது.

எண்பத்தாறு நவம்பரில் நோர்வே என்று சொல்லி ஏற்றிய ஏஜென்சிக்காரன் மகேந்திரராசாவைச் சைப்பிரஸில் இறக்கிவிட்டு, சிகரெட் வாங்கிக்கொண்டு வருவதாகப் போனான். இன்னும் வரவில்லை. மழைக்கு ஒதுங்கித் தேவாலயப் படியில் உட்கார்ந்திருந்த இருபத்தாறு வயதுப் பெடியனை, மிஸ் வினிஃபிரட் ப்ராட் என்ற எழுபத்தொன்பது வயது முன்னாள் ஆசிரியை கண்டார். யார், எந்த ஊர் என்று எதுவும் கேட்கவில்லை. "ஏறத் தெரியுமா?" என்றார். கூரைப் பீலியில் புறாக் கூடு அடைத்து, தண்ணீர் பீடத்தின்மேல் ஒழுகிக்கொண்டிருந்தது. இவர் ஏறினார். இறங்கி வந்தவரிடம் மிஸ் ப்ராட் கதவுத் திறப்பையும், பின்னறையில் ஒரு கட்டிலையும் கொடுத்தார். குருவானவர் அந்த மாதம்தான் நெஞ்சு வருத்தத்துக்கு வைத்தியம் பார்க்க இங்கிலாந்துக்குப் போயிருந்தார். மாற்று ஆள் வருவார் என்றார்கள். பதினாறு மாதம் வரவில்லை.

அந்தப் பதினாறு மாதமும் ஞாயிறு பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மகேந்திரராசா மணி அடித்தார். மூன்று கிழவிகள் வந்தார்கள். மிஸ் ப்ராட் ஜெபப் புத்தகம் வாசித்தார், மற்ற இருவரில் ஒருவர் பாடினார், மற்றவருக்குக் காது கேளாது. இவர் ஆர்மோனியத்துக்குக் காற்று அடித்தார், மெழுகுதிரி கொளுத்தினார், உரிய இடத்தில் ஆமென் சொன்னார். சனிக்கிழமை முழுக்கக் கழுவினார். உயிர்த்த ஞாயிறுக்கு வாசலில் ஒரு நிறைகுடமும் வைத்தார். மாவிலைக்கு எலுமிச்சை இலை, தேங்காய்க்குத் தோடம்பழம். அழகான பூ அலங்காரம் என்று கிழவிகள் பாராட்டினார்கள். அதே வருடம் கிறிஸ்மஸுக்கு முன்னரே கேட்டும் வாங்கினார்கள்.

எண்பத்தெட்டு பெப்ரவரியில் மிஸ் ப்ராட் செத்துப்போனார். பிரித்தானியப் படைத்தளத்திலிருந்து ஒரு இராணுவக் குருவானவர் ஜீப்பில் வந்து, பன்னிரண்டு நிமிடம் வாசித்துவிட்டுத் திரும்பிப் போனார். குழியை மூடியது இவர். அடுத்த மாதம் புதுக் குருவானவர் வருகிறார் என்ற செய்தியும், நோர்வேக்குப் போக வழி கிடைத்துவிட்டது என்ற செய்தியும் ஒரே கிழமையில் வந்தன. புதன்கிழமை இவர் வெளிக்கிட்டார். வெளிக்கிடும்போது என்ன செய்தார்? யாழ்ப்பாணத்தான் வீட்டை விட்டு வெளிக்கிட்டால் என்ன செய்வானோ அதைச் செய்தார். யன்னல் எல்லாம் கொளுக்கி போட்டு, முன்கதவுக்கு இரண்டு ஆமைப்பூட்டு, பின்கதவுக்கு ஒன்று. மூன்றையும் இழுத்து இழுத்துப் பார்த்து, கால்வழி தூரம் போய்த் திரும்பி வந்து இன்னொருக்கால் இழுத்துப் பார்த்து, திறப்புகளைத் தபால் கந்தோரில் கொடுத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை வந்து இறங்கிய புதுக் குருவானவர் முதல் நாள் குறிப்பில் எழுதினார்: "தேவாலயம் பலமாகப் பூட்டிக் கிடக்கிறது."

ஒஸ்லோவில் பொலிஸ் விசாரணையில் கேட்டார்கள், பதினாறு மாதம் எங்கே இருந்தாய் என்று. சேர்ச் நடத்தினேன் என்றார். நீ கிறிஸ்தவனா? இல்லை, சைவம். மொழிபெயர்க்க வந்தவர் இவரைப் பார்த்து, "அண்ணை, நான் இதைச் சொன்னால் உங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். ஹோட்டலிலை கோப்பை கழுவினது எண்டு சொல்லுறன்" என்றார். அப்படியே பதிவானது. இவர் வாழ்க்கையில் ஒரு கோப்பையும் கழுவினதில்லை, சிவமலர் சாட்சி.

இதெல்லாம் பழைய கதை. புதுக் கதை போன வருடம் தொடங்கியது. ஓய்வெடுத்த மனிதருக்குக் கைத்தொலைபேசியில் நேரம் போகவேண்டுமே. ஒருநாள் காலை, தேவாலயத்தின் இணையத்தளத்தைக் கண்டுபிடித்தார். வரலாற்றுப் பக்கம் இருந்தது. சுங்க அதிகாரி, ஓடு, கப்பல் மணி எல்லாம் சரி. பிறகு ஒரு வரி: "1986 நவம்பர் முதல் 1988 மார்ச் வரை குருவானவர் இல்லாததால் தேவாலயம் மூடப்பட்டிருந்தது."

குளித்துவிட்டு வந்த சிவமலர், மனிதர் கதிரையில் இருந்து தொலைபேசியை முறைத்துக்கொண்டிருப்பதைக் கண்டார். ஆரோ செத்துப்போனார்கள் என்று நினைத்தார்.

"பூட்டிக் கிடந்ததாம்," என்றார் மகேந்திரராசா.

"எது?"

"சேர்ச்."

"பூட்டிப்போட்டுத்தானே வந்தனீங்கள்? மூண்டு பூட்டுப் போட்ட கதை கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து கேக்கிறன்."

"அது புதன்கிழமை! அதுக்கு முன்னம் பதினாறு மாசம் திறந்து கிடந்தது. ஒரு ஞாயிறு விடேல்லை. காய்ச்சலோடை மணி அடிச்சிருக்கிறன். இஞ்சை கோப்பை கழுவினது எண்டு, அங்கை பூட்டிக் கிடந்தது எண்டு, ரெண்டு நாட்டுக்காரனும் சேர்ந்து என்னைக் காணேல்லை எண்டு எழுதி வைச்சிருக்கிறான்."

அன்றைக்கே ஒரு ஈமெயில் எழுதினார். நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு நிறைவுக்கு ஒரு வரலாற்றுப் புத்தகம் அச்சாகப் போகிறது என்றும், தன் பெயர் மார்ஜரி பெல்லிங்ஹாம், சபைக் குழுவின் செயலாளர் என்றும், அவருடைய நினைவுகள் மிகவும் சுவாரசியமானவை என்றும் பதில் வந்தது. மகேந்திரராசா அதை அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார்.

மகள் கம்சாயினி இங்கேயே பிறந்தவள், நகராட்சியில் சட்ட ஆலோசகர். ஞாயிறு சாப்பிட வந்தவள் அதை வாசித்தாள். "அப்பா, ஆங்கிலேயர் சுவாரசியம் எண்டு எழுதினால் இல்லை எண்டு அர்த்தம்."

"உனக்கென்ன தெரியும்? நான் அவையோடை பதினாறு மாசம் இருந்தனான்."

அடுத்த ஐந்து மாதத்தில் இன்னும் ஐந்து ஈமெயில் போனது. ஐந்துக்கும் பதில் வந்தது. மனதைத் தொட்டது என்றார் மார்ஜரி. குழுவின் கவனத்துக்குக் கொண்டு செல்வோம் என்றார். நிச்சயமாக மனதில் வைத்திருப்போம் என்றார். நோர்வேக்காரன் என்றால் முதல் ஈமெயிலிலேயே முடியாது என்று ஒரு சொல்லில் சொல்லியிருப்பான். மனுசன் ஒரு கிழமை கோபித்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். இந்த மரியாதை இருக்கிறதே, அது ஆளைச் சாகவும் விடாது, பிழைக்கவும் விடாது. இணையத்தளத்தில் அந்த வரி அசையவில்லை.

கடைசியில், தன்னை மீறிய ஒரு பலவீனமான கணத்தில் மார்ஜரி எழுதினார்: ஓகஸ்ட் முப்பதுக்குள் ஒரு பக்கம், ஒரு படத்தோடு அனுப்பினால் பின்னிணைப்பில் சேர்ப்பது பற்றி யோசிக்கலாம்.

ஒரு பக்கம்! மகேந்திரராசா நேரே பக்கத்து ஊரான ஸ்டோவ்னரில் இருக்கும் சுபேசனிடம் போனார். சுபேசன் நம்மவர்களின் அச்சு வேலை அத்தனையும் செய்கிறவர். கலியாண அழைப்பு, பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டுப் பதாகை, அரங்கேற்ற மலர். ஆனால் அவர் கை பழகியது கல்வெட்டு எனப்படும் நினைவு மலரில். யாழ்ப்பாணத்தான் எந்த நாட்டில் செத்தாலும் முப்பத்தோராம் நாள் ஒரு புத்தகம் வரவேண்டும்: படம், பிறந்த இறந்த தேதி, வாழ்க்கை வரலாறு, தேவாரம், கடைசியில் குடும்பத்தார் நன்றி. முந்நூறுக்கு மேல் போட்டிருக்கிறார். ஒரு மனிதனின் வரலாற்றை ஒரு பக்கத்தில் மரியாதையாகச் சொல்லச் சொன்னால், சுபேசனுக்கு வேறு மாதிரிச் சொல்லத் தெரியாது. உண்மையைச் சொன்னால் நம்மில் ஒருவருக்கும் தெரியாது. உயிரோடு இருக்கிறவனின் வரலாற்றை நாங்கள் எப்போது எழுதினோம்?

பக்கம் மூன்றே நாளில் தயார். நடுவில் முட்டை வடிவச் சட்டத்துக்குள் எண்பத்தேழில் எடுத்த படம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே தாமரை. அதன் கீழே தடித்த எழுத்தில் 1986 – 1988. பிறகு ஆங்கிலத்தில் வரலாறு, உருக்கமாக. அடியில்: நன்றியுடன், மனைவி சிவமலர், மகள் கம்சாயினி.

"அண்ணை, பின்னுக்கு மேகம் போட்டிருக்கிறன். வேண்டாமெண்டால் எடுக்கலாம்," என்றார் சுபேசன்.

"எடாதை தம்பி. வடிவாக் கிடக்கு."

சிவமலர்தான் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதென்ன கோதாரி, செத்தவீட்டுப் புத்தகம் மாதிரிக் கிடக்கு?"

"உனக்கு அப்பிடித் தெரியுது. வெள்ளைக்காரருக்குக் கல்வெட்டு எண்டால் என்னெண்டு தெரியுமே?"

மேகத்தோடு சேர்ந்து கோப்பு பெரிதாகிவிட்டது. அவருடைய ஈமெயிலில் போகவில்லை. கம்சாயினி வேலை அவசரத்தில் தன் முகவரியிலிருந்து அனுப்பினாள். திறந்துகூடப் பார்க்கவில்லை; "என் தந்தையின் சார்பில், நீங்கள் கேட்ட பக்கம்" என்று ஒரே வரி எழுதினாள்.

இரண்டு நாளில் பதில் வந்தது. ஆறு ஈமெயிலுக்கும் வந்த பதிலைவிட நீளம். உங்கள் தந்தையின் மறைவுச் செய்தி கேட்டு நாங்கள் ஆழ்ந்த துயரமடைந்தோம். அவ்வளவு உற்சாகமாக எழுதிக்கொண்டிருந்தவர். குழு அவசரமாகக் கூடியது. வரலாற்றில் இருந்த வரி ஒருமனதாகத் திருத்தப்பட்டது. புதிய வரி: "1986 முதல் 1988 வரை குருவானவர் இல்லாதபோதும், இலங்கையைச் சேர்ந்த இந்துவான அமரர் மகேந்திரராசாவின் விசுவாசமான சேவையால் தேவாலயம் திறந்தே இருந்தது." ஆண்டு விழாவில் அவரது ஆன்மாவுக்காக ஜெபம். பின்னறைக் கதவருகே ஒரு சிறு பித்தளைத் தகடு. புத்தகம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

கம்சாயினி வேலையிலிருந்து நேரே ரொம்சோஸுக்கு வந்து, சப்பாத்தோடேயே குசினிக்குள் நின்று அதை வாசித்துக் காட்டினாள்.

மகேந்திரராசா மெதுவாகக் கேட்டார்: "தகடு பித்தளையோ?"

"அப்பா!"

"இல்லை, கேட்டனான்."

சிவமலர் கரண்டியைக் கீழே வைத்தார். "நான் கழுத்திலை தாலியோடை நிக்கிறன். இஞ்சை குத்துக்கல்லாட்டம் இருக்கிற மனுசனுக்கு அங்கை அமரர் எண்டு தகடு அடிக்கிறாங்கள். இண்டைக்கே போன் எடுத்து இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

"சொன்னால் திரும்பக் கமிட்டிக்குப் போகுமப்பா. உயிரோடை ஆறு ஈமெயில் போட்டனான், மசியேல்லை. செத்து ரெண்டு நாளிலை ஒருமனதாத் தீர்மானம். நான் செத்தே இருந்தால் ஆருக்கு நட்டம்? அங்கை ஆர் என்னைத் தேடி வரப்போறான்?"

"எனக்கு நட்டம்!" என்றார் சிவமலர். "அவை சேர்ந்து நிண்டு ஆன்மாவுக்கு ஜெபம் சொல்ல, இஞ்சை ஆன்மா சோபாவிலை இருந்து பந்தடி பாக்குமோ?"

"டே கோர் இக்கெ, அப்பா," என்றாள் கம்சாயினி. அவளுக்குக் கோபம் வந்தால் முடியாது என்பது நோர்வேஜிய மொழியில்தான் வரும். "என்ர முகவரியிலையிருந்து போயிருக்கு. நான் சட்டம் படிச்சவள். ஒரு ஆளை நான் சாகடிச்சு வைச்சிருக்கிறன்."

செவ்வாய் போனது, புதன் போனது. மனிதர் அசையவில்லை. சிவமலர் சோறு போட்டார், கதைக்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக அந்தக் கதையைக் கேட்டுக் களைத்த வீட்டில் இரண்டு நாள் சத்தமில்லாமல் இருந்தது. சந்தோசப்படவேண்டிய விசயம், ஒருவரும் சந்தோசப்படவில்லை. வியாழக்கிழமை காலை அவரே தொலைபேசியை எடுத்தார். சிவமலருக்காக என்று இன்றுவரை சொல்கிறார். எனக்கென்னவோ, பதினாறு மாதம் காய்ச்சலோடும் மணி அடித்த மனிதருக்கு, அதற்குக் கிடைத்த சாட்சி பொய்யாக இருப்பது பொறுக்கவில்லை என்று படுகிறது. அப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார்.

"திருமதி பெல்லிங்ஹாம்? நான் மகேந்திரராசா."

"மகனா?" என்றார் மார்ஜரி.

"இல்லை. நான்தான். சாகவில்லை."

எவ்வளவு நல்ல செய்தி என்றார் மார்ஜரி. எவ்வளவு அற்புதம் என்றார். பிறகு, ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது என்றார். உயிரோடு இருக்கிறவர்களின் பெயர் வரலாற்றில் வரக்கூடாது என்று சபையில் ஒரு விதி. நூற்றாண்டுப் புத்தகத்தில் பூ வைக்கிற இரண்டு பெண்களில் யாருடைய பெயர் முதலில் என்று தகராறாகி, ஒருவர் மெதடிஸ்ட் சபைக்கே போய்விட்டார். அன்றிலிருந்து இறந்தவர்கள் மட்டும்தான்.

"இதை ஏன் முதல் ஈமெயிலிலேயே சொல்லவில்லை?"

"அது மரியாதையாக இருக்காது என்று நினைத்தோம்."

மகேந்திரராசா தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். பெயரை எடுக்கலாம் என்றார். தகடும் வேண்டாம் என்றார். ஆனால் மூடப்பட்டிருந்தது என்று போடக்கூடாது.

அதற்கு ஆதாரம் வேண்டுமே என்றார் மார்ஜரி. இறந்தவரின் குடும்பம் சொன்னால் அது ஒரு விதம். உயிரோடு இருக்கிறவர் தன்னைப் பற்றித் தானே சொன்னால்...

"மிஸ் ப்ராட் செத்துவிட்டாவா, இல்லையா?" என்று கத்தினார் மகேந்திரராசா. "அடக்கப் பதிவேட்டை எடுங்கள். எண்பத்தெட்டு பெப்ரவரி. பெட்டி பீடத்துக்கு முன்னால் இருந்தது. பூட்டிக் கிடந்த தேவாலயத்துக்குள் பெட்டி எப்படிப் போனது? கதவை யார் திறந்தது, புறாவா?"

பதிவேட்டைப் பார்த்துவிட்டு எடுப்பதாகச் சொல்லி மார்ஜரி தொலைபேசியை வைத்தார். இருபது நிமிடம் இவர் யன்னலருகே நின்றார். திரும்ப மணி அடித்தபோது மார்ஜரியின் குரலில் மரியாதை குறைந்து, ஆள் கொஞ்சம் வெளியே வந்திருந்தார். பதிவேட்டில் இராணுவக் குருவானவரின் கையெழுத்து இருக்கிறது. ஆராதனை தேவாலயத்துக்குள் நடந்தது என்றும் இருக்கிறது. கீழே சாட்சியாக இன்னொரு கையெழுத்து: எம். ராசா, பராமரிப்பாளர்.

"என்ர கையெழுத்து," என்றார் இவர், தமிழில்.

ஒக்டோபரில் புத்தகம் தபாலில் வந்தது. ஜெபமுமில்லை, தகடுமில்லை, முட்டைச் சட்டமுமில்லை, மேகமுமில்லை. நாற்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரே வரி: "1986 நவம்பர் முதல் 1988 மார்ச் வரை குருவானவர் இல்லை. தேவாலயம் திறந்திருந்தது."

அதை அவர் நின்றுகொண்டு வாசித்தார், பிறகு இருந்துகொண்டு வாசித்தார். சிவமலர் புத்தகத்தைப் பறித்து முன்னும் பின்னும் புரட்டினார். பெயர் அட்டவணையைப் பார்த்தார். சுங்க அதிகாரியின் நாயின் பெயர்கூட இருந்தது.

"உங்கட பேர் எங்கை?"

"போடமாட்டினம். நான் இருக்கிறன் எல்லே."

"அப்ப ஆர் திறந்ததாம்? தானாத் திறந்துதாமோ?" சிவமலரின் குரல் ஏறியது. "பதினாறு மாசம் மனுசன் கூட்டிக் கழுவி மணி அடிச்சிருக்கு. நாய்க்கு இடமிருக்கு, என்ர மனுசனுக்கு இல்லையோ? உந்த மார்ஜரியின்ரை நம்பரைத் தாங்கோ."

"விடு மலர். திறந்திருந்தது எண்டு போட்டாச்சு."

"நீங்கள் விடுங்கோ. நான் விடமாட்டன்."

நம்பர் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய கடிதத்திலேயே இருந்தது. மகேந்திரராசா தடுக்கவில்லை. புத்தகத்தை மேசையில் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டு, எதிர்ப்பக்கம் கதிரையை இழுத்துப் போட்டு, மனைவி சைப்பிரஸோடு கதைப்பதைக் கேட்கத் தயாரானார்.